மூக்கோடு நின்றுவிட்ட மருந்து

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குப் பயம். சிலருக்கு 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கத்தைப் பறிகொடுத்த பென் ஜான்சன் நினைவுக்கு வருவார். அது தசையை வளர்க்கும் வேறு வகை ஸ்டீராய்டு. வேறு சிலருக்கு, மாத்திரை சாப்பிட்டு முகம் வீங்கிப்போன உறவினர் யாராவது நினைவுக்கு வருவார். அதனால் சைனஸ் தொல்லைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயைத் தொடாமல் அலமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றின் முதல் பாதிதான் பலருக்கும் தெரிந்திருக்கிறது.

முதலில் சைனஸ் என்றால் என்ன? மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளே சைனஸ்கள். அவற்றில் சுரக்கும் சளி சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. துளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் வழி அடைபட்டுச் சளி உள்ளேயே தேங்கும். தலைவலி, முகவலி, மூக்கடைப்பு எல்லாம் அதன் பின்னே வரும்.

பழைய காலத்து மருத்துவம் முரட்டுத்தனமானது. 1893-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல், 1897-ல் பாரிஸில் ஹென்றி லூக் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் அறுவை சிகிச்சையை விவரித்தார்கள். மேல் உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே எலும்பைத் துளைத்துக் கன்னத்துச் சைனஸுக்குள் நுழையும் முறை அது. பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர், சைனஸில் சளி எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தார். எங்கே புதிய துளை போட்டாலும், சளி இயற்கையான துளையை நோக்கியே போகிறது! ஆக, அந்தச் சிறு வாசலின் வீக்கத்தைக் குறைப்பதே முக்கியம் என்று புரிந்தது.

வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இதற்குள் வந்துவிட்டிருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948 செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு புதிய ஊசி போடப்பட்டது. மருந்தின் பெயர் கார்ட்டிசோன். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-ல் பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், தடேயஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மேயோ கிளினிக் மருத்துவர்கள், ரேக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தால் வரும் ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் கார்ட்டிசோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் அது வேலை செய்தது.

ஆனால் விலை பெரிதாக இருந்தது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு முகம் நிலாவைப் போல உப்பியது. எலும்பு தேய்ந்தது. சர்க்கரை ஏறியது. சிலருக்கு மனநிலையே பாதிக்கப்பட்டது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிவிட்டது. மூக்கடைப்புக்காக யார் இந்த விலையைக் கொடுப்பார்கள்? இன்றும் தொடரும் பயம் அங்கேதான் பிறந்தது.

மருந்தை உடல் முழுவதும் அனுப்பாமல், தேவையான இடத்தில் மட்டும் வைக்க முடியாதா? 1952-ல் சுல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் கண்டார்கள். 1960-களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயாக வந்தது. மூக்கு திறந்தது உண்மைதான். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்து அட்ரினல் சுரப்பியை அடக்கியது. பழைய பிரச்சினை வேறு வழியாகத் திரும்பி வந்தது.

விடை இங்கிலாந்தில் கிடைத்தது. கிளாக்ஸோவின் கிளை நிறுவனமான ஆலன் அண்ட் ஹான்பரிஸில் டேவிட் ஜாக் என்பவர் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் தேடிய மருந்துக்கு இரண்டு குணங்கள் வேண்டும். பட்ட இடத்தில் பலமாக வேலை செய்ய வேண்டும். விழுங்கப்பட்டால் செயலிழந்துபோக வேண்டும். தோல் களிம்பாக ஏற்கெனவே இருந்த பெக்லோமெத்தசோன் இதற்குப் பொருந்தி வந்தது. 1972-ல் அது ஆஸ்துமா இன்ஹேலராக வந்தது. 1973-ல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் மைகிண்ட் அதையே மூக்கில் அடித்துப் பார்த்து, மகரந்த ஒவ்வாமைக்குப் பலன் தருகிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

இதன் பின்னால் இருக்கும் தந்திரம் எளிமையானது. மூக்கில் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி தொண்டை வழியாக வயிற்றுக்குத்தான் போகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குப் போகும்போது, அது மருந்தை உடைத்துவிடுகிறது. அடுத்து வந்த மருந்துகள் இந்த வழியில் இன்னும் முன்னேறின. 1990-களில் பரவிய ஃப்ளூட்டிகசோனில் இரத்தத்தைச் சேர்வது 2 சதவீதத்துக்கும் குறைவு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம். எடையில் பார்த்தால், 1948-ல் போட்ட ஊசியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு! வீரியம் அதிகமான மருந்து என்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. மூக்கில் இரத்தம் கசியலாம். அதனால்தான் நடுத்தண்டை நோக்கி அடிக்காமல், சற்று வெளிப்பக்கமாக அடிக்கச் சொல்கிறார்கள். நீண்ட நாள் பயன்படுத்தும் சிறுவர்களின் வளர்ச்சியையும், கண் அழுத்த நோய் உள்ளவர்களின் கண்களையும் மருத்துவர் கவனிக்க வேண்டும். சைனஸ் அறைகளுக்குள் மருந்து அதிகம் போவதுமில்லை. வாசலின் வீக்கத்தைத்தான் அது குறைக்கிறது. சதை வளர்ச்சி இல்லாத நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கென்று அமெரிக்க மருந்துத் துறை ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை முதன்முதலில் அங்கீகரித்தது 2024-ல்தான்.

இன்னொரு சிக்கல் பொறுமை. ஆக்ஸிமெட்டாசொலின் போன்ற சொட்டு மருந்து சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ செல்லுக்குள் போய் மரபணுக்களின் வேலையை மாற்றித்தான் வீக்கத்தைக் குறைக்கிறது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு, "இது வேலைக்கு ஆகாது" என்று நிறுத்துபவர்கள் மருந்து தன் வேலையைத் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

2013-ல் டிரையாம்சினோலோன், 2014-ல் ஃப்ளூட்டிகசோன் ஆகிய மூக்கு ஸ்ப்ரேக்களை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்கா அனுமதித்தது. ஊசியாக வந்த காலத்தில் மருத்துவர்களையே மிரள வைத்த மருந்துக் குடும்பம் இது. மாத்திரையாகவும் ஊசியாகவும் அந்தப் பழைய ஆபத்துகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதை மருத்துவர் சொல்லாமல் தொடுவதும் தவறு. ஸ்ப்ரேயை அதே கண்ணால் பார்த்து அலமாரியில் பூட்டி வைப்பதும் தவறு.