நூற்றுக்குக் குறைந்த கூட்டுத்தொகை

உப்புக்களைச் சோதிக்கும் வகுப்பில், பிளாட்டினக் கம்பியின் நுனியை அமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டுச் சுடரிற் காட்டியிருப்பீர்கள். சோடியம் மஞ்சள் நிறந் தரும். பொட்டாசியம் இளம் ஊதா. கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் இச்சோதனை, கைதேர்ந்த ஓர் அறிஞரையே ஒருமுறை ஏமாற்றியதுண்டு.

ஜெர்மனியில் பிரைபெர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் பிளாட்னர் என்றோர் ஆசிரியர் இருந்தார். ஊதுகுழற் சோதனையில் அவருக்கு நிகர் சொல்வது அரிது. 1846-ஆம் ஆண்டில், எல்பாத் தீவில் கிடைத்த பொல்லக்ஸ் என்னும் கனிமத்தை அவர் ஆராய்ந்தார். அதனோடு கிடைத்த மற்றொரு கனிமத்துக்குக் காஸ்டர் என்று பெயர். கிரேக்கப் புராணத்து இரட்டையரின் பெயர்கள் இவை. நாம் புனர்பூசம் என்று வழங்கும் விண்மீன்களுக்கும் மேனாட்டார் இப்பெயர்களையே இட்டிருக்கின்றனர். கனிமத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்துக் கூட்டினார் பிளாட்னர். நூறு வரவேண்டிய கூட்டுத்தொகை 93-ஐக்கூட எட்டவில்லை! மறுபடி செய்து பார்க்கலாமென்றால் கனிமம் தீர்ந்துவிட்டது. எண்களை இங்குமங்கும் நிரவிக் குறையை மறைப்பது பெரிய காரியமன்று. அவரோ, வந்த எண்களை வந்தபடியே வெளியிட்டார். அதனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆண்டுகள் பல சென்றன. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் புன்சன், தம் பெயரால் வழங்கும் விளக்கின் நிறமற்ற சுடரில் உப்புக்களைக் காட்டி நிறங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுடரொளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்திப் பார்க்கலாமென்றார் அவருடைய நண்பர் கிர்க்காப். அப்படிப் பார்த்தபோது ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது. 1860-இல் டூர்க்கைம் ஊற்றுநீரின் உப்பில், எந்த உலோகத்துக்கும் உரியனவல்லாத இரண்டு நீலக் கோடுகள் தென்பட்டன. வான்நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அப்புதிய தனிமத்துக்குச் சீசியம் என்று பெயரிட்டனர். கோட்டைக் கண்டது எளிது. பொருளைக் கையில் எடுப்பதோ பெரும்பாடு. 44,000 லிட்டர் ஊற்றுநீரை வற்றக் காய்ச்சி, கால்சியம், சோடியம், லித்தியம், பொட்டாசியம் முதலியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கி, இறுதியிற் கிடைத்த சீசியம் குளோரைடு ஏறத்தாழ ஏழே கிராம்! அதனோடு வந்த மற்றொரு புதிய தனிமமாகிய ருபீடியத்தின் குளோரைடு ஒன்பது கிராம்.

1864-இல் பாரிஸில் பிஸானி என்பவர் பொல்லக்ஸை மீண்டும் ஆராய்ந்தார். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீசியம் ஆக்சைடு! பிளாட்னர் அதனைப் பொட்டாசியம், சோடியம் என்று எண்ணிவிட்டார். அவரைக் குறைகூறுவது நியாயமன்று. சீசியமும் சுடரில் ஊதா சார்ந்த நிறமே தரும்; அதன் உப்புக்களும் பொட்டாசிய உப்புக்களைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் பொட்டாசியத்தின் அணு எடை 39, சீசியத்தினுடையது 133. கனத்த உலோகத்தின் உப்பை இலேசான உலோகத்தின் உப்பாகக் கொண்டு கணக்கிட்டால், உலோகத்தின் பங்கு குறைந்துதான் காட்டும். கூட்டுத்தொகை நூற்றை எட்டாததன் மருமம் இதுவே.

இதனை அறியப் பிளாட்னர் இருக்கவில்லை. ஹைடல்பர்க்கில் அந்த நீலக் கோடுகள் தோன்றுவதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1858-இல் அவர் காலமாகிவிட்டார்.