ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

கொரோனா ஊரடங்கில், 2020 ஜூன் 1 முதல் தமிழகத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். திருச்சி நான்காம் மண்டலம். கரூர் முதல் மண்டலம். மண்டலத்துக்குள் போய்வர இ-பாஸ் என்ற பயண அனுமதி வேண்டாம், தாண்டினால் வேண்டும். எங்கள் மண்டலத்திலேயே இருந்த தஞ்சாவூருக்குத் தடையில்லை, முசிறியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் குளித்தலைக்குக் காவிரிப் பாலத்தைக் கடக்க பாஸ் வேண்டும்.

நான் திருச்சி ஸ்ரீரங்கத்தில். என் வீட்டுக்காரருக்குக் கரூரில் ஜவுளிக் கம்பெனியில் கணக்கு வேலை. ஊரடங்குக்கு முன் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் வந்துவிடுவார். இ-பாஸ் விண்ணப்பத்திலோ கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்களைத்தான் கேட்டார்கள். பெண்டாட்டியைப் பார்க்க என்று போட இடமில்லை. மூன்று முறை நிராகரித்தார்கள்.

"யாருக்காவது உடம்பு முடியலைன்னு போடச் சொல்லேன்டி" என்றார் அடுத்த வீட்டு மாமி. ரேஷன் கடை வரிசையிலும் இதே யோசனைதான். நன்றாக இருக்கிற மாமியாரை நோயாளி என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை.

ஜூன் 25 முதல் மண்டலத்துக்குள்ளும் மாவட்டம் தாண்ட பாஸ் கேட்டார்கள். தஞ்சாவூரில் குடும்பம் வைத்திருந்தவர்களும் எங்களைப் போலத் தவித்தார்கள். ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தாலே பாஸ் என்று ஆனது. அந்த வாரமே பைக்கில் வந்து சேர்ந்தார். வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக் காத்திருந்தேன். செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையே இ-பாஸே இல்லை.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் கோயிலின் நம்பெருமாளும் தாயாரும் சேர்ந்திருக்கும் சேர்த்தி சேவைக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் ஊர் இது. சேர்ந்திருப்பதும் அவசியத் தேவைதான். இன்னொரு முறை விதி எழுத நேர்ந்தால், அந்தக் காரணத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.