இறங்கத் தெரியாத பாதரசம்

திருத்தணிகை என்ற பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகனுடைய சினம் தணிந்த இடம், ஆகையால் தணிகை. மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கிறது. இங்கே கிடையாது. கோபம் ஆறிப்போன சாமிக்கு முன்னால் மறுபடியும் யுத்தம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். புஷ்பாஞ்சலியோடு சரி.

இந்த மலைக்கு நான் போனது ஒரு டிசம்பர் 31-ந் தேதி இரவு. அன்றுதான் படித் திருவிழா. வருஷத்தின் நாட்களைப் போல 365 படிகள். படிதோறும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் கொளுத்தி, திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைமாரை எலுமிச்சம் பழத்தோடு பார்க்கப் போன ஜனங்களைத் தணிகைத் துரையிடம் திருப்பிவிட வள்ளிமலை சுவாமிகள் ஏற்படுத்திய வழக்கம் இது என்பார்கள்.

மார்கழிக் காற்று மலைமேல் சுள்ளென்று அடித்தது. எல்லையூர் அல்லவா? 1960 ஏப்ரல் முதல் தேதிதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றும் படியேறும் கூட்டத்தில் இரண்டு பாஷையும் காதில் விழும். "சலி, சலி" என்று நடுங்கினார் ஒரு தெலுங்குக்காரர். குளிர் என்று அர்த்தம். நாம் 'சளி' என்றால் அது மூக்கோடு போய்விடுகிறது.

படியோரத்தில் ஓர் இளம் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம்கூட இராது. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சுடல அத்தே, நல்லாத்தான் கீது" என்றாள். பக்கத்திலிருந்த மாமியார் நெற்றியைத் தொடவே இல்லை. துணிக்குள்ளே கையை விட்டுப் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். "சுடலேன்னா சரியாப் போச்சா? காலைப் பாரு, சில்லுன்னு கீது!"

அந்தக் கிழவி கேட்ட கேள்வியை வைத்திய சாஸ்திரம் வெகு நாள் கேட்கவில்லை. இது கொஞ்சம் விசித்திரமான சரித்திரம்.

நம் சித்த வைத்தியர்களின் எண்வகைத் தேர்வில் ஸ்பரிசமும் ஒன்று. தொட்டுப் பார்த்தால் சூடும் தெரியும், குளிர்ச்சியும் தெரியும். ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாதுவா நகரத்து வைத்தியர் சாங்டோரியஸ் என்பவர் ஒரு கண்ணாடிக் குமிழியை நோயாளியின் வாயில் வைத்து உடம்புச் சூட்டை அளக்கப் பார்த்தார். 1714-ல் பாரன்ஹீட் பாதரச உஷ்ணமானியைச் செய்தார். அப்புறமும் நூற்றைம்பது வருஷம் அது நோயாளியின் படுக்கையருகே அதிகமாக வரவில்லை. காரணம் சாதாரணமானது. அக்காலத்து உஷ்ணமானி ஏறக்குறைய ஒரு அடி நீளம். சூட்டைக் காட்ட இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். லைப்ஸிக் நகரத்தில் வுண்டர்லிஷ் என்ற டாக்டர் பொறுமையோடு 25,000 நோயாளிகளை அளந்து, 1868-ல் பெரிய புத்தகமே போட்டார். 37 டிகிரி சென்டிகிரேட், அதாவது 98.6 பாரன்ஹீட் என்று நாம் ஒப்பிக்கிறோமே, அந்தக் கணக்கை நிலைநிறுத்தியவர் அவர்தான். அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஆல்பட் என்பவர் ஆறு அங்குல நீளத்தில், ஐந்து நிமிஷத்தில் சூடு காட்டும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். டாக்டரின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. பிறகு நம் வீட்டு அலமாரிக்கும் வந்தது.

அந்தத் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் அடிக்கோடு பெரும்பாலும் 95 டிகிரி, சென்டிகிரேட்டில் 35. அதற்குக் கீழே எண்ணே இல்லை. குழலில் ஒரு குறுகலான இடுக்கு உண்டு. ஏறிய பாதரசத்தை அது இறங்க விடாது, உதறினால்தான் இறங்கும். ஜுரத்தைப் பிடிக்க இதைவிடச் சாமர்த்தியமான கருவி கிடையாது. ஆனால் 34 டிகிரிக்கு ஆறிப்போன ஒரு சிசுவின் அக்குளில் வைத்தால், பாதரசம் அடிக்கோட்டைத் தொடாமலே கிடக்கும். "ஜுரம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிறந்த குழந்தைக்குக் குளிர் என்பது இமயமலைச் சமாசாரம் அல்ல. தாயின் வயிற்றில் 37 டிகிரியில் இருந்த குழந்தை, ஈரத்தோடு வெளியே வருகிறது. துடைத்துப் போர்த்தாவிட்டால் முதல் பத்து இருபது நிமிஷத்துக்குள்ளேயே 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடும். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. நமக்குச் சுகமாயிருக்கட்டும் என்று தலைக்குமேல் மின்விசிறியைச் சுழலவிடுகிறோமே, அந்தக் காற்று குழந்தைக்கு மார்கழிதான். எடையைப் பார்த்தால் அதற்குத் தோலின் பரப்பு அதிகம், தோலும் மெல்லிசு. நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துச் சமாளிக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் போதாது. 36.5-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்தின் ஆரம்பம். 32-க்குக் கீழே போனால் உயிரைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். இதில் கொடுமை என்னவென்றால், ஜுரம் கண்ட குழந்தை அழும். குளிர்ந்த குழந்தை அசதியாய், சாதுவாய்க் கிடக்கும். "நல்ல குழந்தை, தூங்குகிறது" என்று நினைத்துக்கொள்வோம்.

1880-ஐ ஒட்டிப் பாரிஸில் டார்னியே என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பான பெட்டியில் வைத்தார். பெட்டிக்குள் எவ்வளவு சூடு வேண்டும் என்பது 1958 வரையில் விவாதத்தில்தான் இருந்தது. அந்த வருஷம் நியூயார்க்கில் ஸில்வர்மன் என்பவர் சில பெட்டிகளை மற்றவற்றைவிட மூன்று டிகிரி போலக் கூடுதல் சூட்டில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெட்டிகளில் நூற்றுக்கு 15 குழந்தைகள் அதிகமாகப் பிழைத்தன. மூன்றே டிகிரி!

அடுத்தபடியாக, பெட்டியின் சூட்டை அல்ல, குழந்தையின் சூட்டையே ஓயாமல் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு 'தெர்மிஸ்டர்' கைகொடுத்தது. மிளகளவு பண்டம், சூடு ஏறினால் அதன் வழியே மின்சாரம் சுலபமாய் ஓடும், குளிர்ந்தால் தடைப்படும். இந்தக் குணத்தை 1833-லேயே பாரடே கண்டு எழுதிவைத்திருந்தார். பாதரசத்தைப்போல் ஏறினால் ஏறினபடி நிற்காது, இறங்கவும் தெரியும். 1960-களில் இதைக் குழந்தையின் வயிற்றில் ஒட்டி, அது சொன்னபடி அடுப்பை எரியவும் அணையவும் வைத்தார்கள். மனிதன் உடம்பில் அணிந்து சூடு பார்க்கும் மின்கருவிகள் எத்தனையோ பிற்பாடு வந்தன. 1998-ல் 77 வயது ஜான் கிளென் விண்வெளிக்குப் போனபோது, வயிற்றுக்குள்ளிருந்து உஷ்ணத்தை ரேடியோவில் சொல்லும் மாத்திரையையே விழுங்கினார். விண்வெளி வீரருக்கு அத்தனை சவரணை. வீட்டுக்குப் போன இரண்டு கிலோக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் குறையைக் கவனித்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். 2010-களின் நடுவில் ரதுல் நாராயண் என்பவரின் குழு 'பெம்பு' என்ற காப்பு ஒன்றைச் செய்தது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது. சூடு சரியாக இருந்தால் நீல விளக்கு சிமிட்டும். குறைந்தால் ஆரஞ்சு விளக்கு எரியும், கூவும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும். மீட்டரில் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. சுமார் நான்கு வாரம் மின்கலம் தாங்கும். அந்த நான்கு வாரம்தான் முக்கியம். 2017-ல் டைம் பத்திரிகை அந்த வருஷத்துச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

பார்வைக்கு விளையாட்டுச் சாமான். செய்வது விளையாட்டல்ல. மணிக்கட்டின் தோல் எப்போதும் உள்ளுடம்பைவிடச் சற்றுக் குளிர்ச்சி. குளிர் கண்டதும் உடம்பு கைகாலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் சுருக்குகிறது. ஆகவே மணிக்கட்டு சீக்கிரம் சேதி சொல்லும். சில சமயம் அவசரப்பட்டும் சொல்லும். சும்மாச் சும்மாக் கூவினால் தாய் அலுத்துப்போய்க் கழற்றி வைத்துவிடுவாள். கூவாமல் இருந்தாலோ, காப்பு கட்டியே பிரயோஜனம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதில்தான் கைத்திறமை எல்லாம் இருக்கிறது.

சரி, காப்பு கூவிவிட்டது. நடுராத்திரி. ஆஸ்பத்திரி எங்கேயோ இருக்கிறது. தாய் என்ன செய்வாள்? இதற்குப் பதில் கொலம்பியா தேசத்துப் போகோட்டாவிலிருந்து வந்தது. 1978-ல் அங்கே பெட்டிகள் போதாமல் குழந்தைகளை இரண்டிரண்டாகப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. எட்கர் ரே என்ற டாக்டர் தாய்களைக் கூப்பிட்டு, குழந்தையைத் துணியில்லாமல் மார்போடு மார்பாய் அணைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வைத்தார்கள். மின்சாரம் வேண்டாம், அடுப்பு எப்போதும் 37 டிகிரி.

தணிகைப் படியில் அன்று அந்த மாமியாரும் வேறொன்றும் செய்யவில்லை. "காதுல காத்து பூருது பாரு" என்று குழந்தையின் தலையில் தன் முந்தானை ஓரத்தைச் சுற்றினாள். மருமகளின் போர்வையை விலக்கி, குழந்தையை ரவிக்கையோடு ஒட்ட வைத்து, மேலே இரண்டு மடிப்பாய் மூடினாள். கீழேயிருந்து அடுத்த பஜனைக் கோஷ்டி ஏறி வந்தது. நாங்கள் வழிவிட்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து வீரிட்டு ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. கிழவி சிரித்துக்கொண்டே, "பசி வந்துடுச்சு, பாலைக் குடு" என்றாள்.