எம்டன்: சென்னைக் கடலிலிருந்து ஜெர்மன் திரைக்கு

ஜெர்மன் மொழியின் தொடக்ககாலப் போர்ப் படங்களுள் ‘க்ரொய்ட்சர் எம்டன்’ (1932) நமக்குச் சற்று நெருக்கமானது. லூயிஸ் ரால்ஃப் இயக்கிய கறுப்பு வெள்ளைப் பேசும்படம் அது. அதன் நாயகனான கப்பல் நம் கரையோரம் வந்துபோனது. அந்த வருகை புதுச்சேரியில் உண்டாக்கிய விளைவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்படத்தின் வரலாறு முழுமையாகும்.

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது ஏறத்தாழ 125 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். அடுத்த மாதமே பினாங்கில் ரஷ்யாவின் ஒரு கப்பலையும் பிரான்சின் ‘மூஸ்கே’யையும் மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் வீழ்ந்தது.

குண்டு விழுந்தது சென்னையில் என்றாலும் அரசியல் நெருக்கடி புதுச்சேரியில் முற்றியது. பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் ஆகியோர் அப்போது ஆங்கிலேய அரசிடமிருந்து தப்பிப் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் ஒதுங்கியிருந்தனர். பிரான்சும் பிரிட்டனும் ஒரே அணியில் போரிட்டதால் அந்த நிழலுக்கே உறுதியில்லாமல் போயிற்று. எம்டன் தாக்குதலுக்குப் பின் ஐயர் குழுவினர்மீது பழிபோட்ட ஆங்கிலேய அரசு, அவர்களைப் புதுச்சேரியிலிருந்து அப்புறப்படுத்தும்படி பிரெஞ்சு அதிகாரிகளை நெருக்கியது. ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்திவிடுவார்கள் என்று ஐயர் அஞ்சினார். அதற்குள் தமிழுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று 1914 நவம்பர் 1 அன்று திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கி, 1915 மார்ச் 1 அன்று முடித்தார். நான்கே மாதம், 1330 குறள்! 1916இல் அது நூலாக வெளிவந்தது. எம்டனால் தமிழுக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்பேன்.

ஜெர்மனியில் இக்கப்பல் வேறு விதமாக வாழ்ந்தது. பிழைத்த மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்பதைச் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றனர். நினைவுக்குறிப்பு எழுத மறுத்த முல்லர் 1923இல் இறந்தார். 1926இல் ரால்ஃப் ‘உன்சரே எம்டன்’, அதாவது ‘நம் எம்டன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். மூனிச்சின் எமெல்கா நிறுவனத் தயாரிப்பு. கப்பலில் இருந்து பிழைத்தவர்கள் சிலரும் அதில் பங்கேற்றனர். போரில் தோற்று, படையும் சுருக்கப்பட்ட நாட்டில், பிடித்த கப்பலின் ஆட்களை முதலில் பத்திரமாக வெளியேற்றிவிட்டுப் பிறகு கப்பலை மூழ்கடித்த ஒரு கேப்டனின் கதையை வெட்கமின்றிச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

இதற்கடுத்து நடந்தது விசித்திரம். 1928இல் ஆஸ்திரேலியாவின் கென் ஜி. ஹால், விலைக்கு வாங்கப்பட்ட அந்த ஜெர்மன் படத்தோடு தம் நாட்டுக் கடற்படையின் ஒத்துழைப்பில் எடுத்த காட்சிகளைச் சேர்த்து வெளியிட்டார். தோற்றவர்கள் பெருமைப்பட எடுத்த சுருளே வென்றவர்களின் பெருமைக்கும் உதவியது. போர்ப் படம் எந்தக் கட்சிக்கும் வளைந்துகொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜெர்மனியில் எல்லாப் போர்ப் படமும் இப்படிப் பெருமை பேசவில்லை. 1930இல் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் எடுத்த ‘வெஸ்ட்ஃப்ரன்ட் 1918’ பதுங்குகுழிச் சேற்றையும் மருத்துவமனைக் கூக்குரலையும் காட்டி, இறந்துகிடக்கும் ஜெர்மானியனின் கையைக் காயம்பட்ட பிரெஞ்சுக்காரன் பற்றுவதோடு முடிந்தது. இரண்டே ஆண்டில் ரால்ஃப் தம் பழைய கதையை ‘க்ரொய்ட்சர் எம்டன்’ என்ற பேசும்படமாக்கினார். 1933இல் நாஜிகள் பாப்ஸ்டின் படத்தைத் தடைசெய்தனர். ஹிட்லர் பதவியேற்ற சில நாட்களில் பெர்லினில் அவர் முன்னிலையில் திரையிடப்பட்டது ‘மோர்கன்ரோட்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் படம். கடல் சாகசக் கதைக்கு அரசியல் ஆதரவு எளிதில் கிடைத்தது. சேற்றைக் காட்டிய படத்துக்கு அது கிடைக்கவில்லை.

தமிழ்த் திரை எம்டனைத் தொடவே இல்லை எனலாம். ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ போன்ற 1945ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டாம் உலகப் போரைப் பற்றியவை. ஆங்கிலேயரின் போர்ப் பிரச்சாரத்துக்காக எடுக்கப்பட்டவை. ‘எம்டன் மகன்’ என்று அறிவிக்கப்பட்டு 2006இல் ‘எம் மகன்’ ஆன படத்தில் கண்டிப்பான அப்பா உண்டு, கப்பல் கிடையாது. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற கதை மட்டும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில், இந்திய விடுதலைக்கான குழு அமைக்கும் வேலையில் இருந்தார்.

எம்டனைப் பற்றித் தமிழில் யாரேனும் படமெடுக்க வந்தால் ஒரு வேண்டுகோள்: செண்பகராமனைக் கப்பலில் ஏற்றாதீர்கள், எந்த நேரமும் போலீஸ் வரலாம் என்ற நிலையில் புதுச்சேரியில் உட்கார்ந்து குறளை மொழிபெயர்த்த ஐயரிடமிருந்து தொடங்குங்கள்.