டென்ட்ரோநெப்தியா மென்பவள வளர்ப்பு வரலாறு

டென்ட்ரோநெப்தியா, இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளில் வாழும் மென்பவளப் பேரினம். சிவப்பு, ஆரஞ்சு, ஊதா நிறங்களுக்காக வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளுக்கு வாங்கப்படுகிறது. பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ சுருங்கி இறந்துவிடுகின்றன.

காரணம் பட்டினி. தோல் பவளம் போன்ற பல மென்பவளங்களின் திசுக்களில் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் உணவளிக்கிறது. அவற்றுக்கு நல்ல விளக்கே பெரும்பாலும் போதும். வெட்டி ஒட்டினாலும் வளரும். டென்ட்ரோநெப்தியாவில் இந்தப் பாசி இல்லை. ஆகவே வளர்ப்போர் ஆர்ட்டீமியா குஞ்சுகளை ஊட்டிப் பார்த்தனர். அதன் கொட்டும் செல்கள் வலுவற்றவை என்பதால் நீந்தும் இரை எளிதில் தப்பிவிடும்.

1995இல் காத்தரினா ஃபாப்ரீசியஸ், யெஹுதா பெனயாஹு, அமட்ஸியா ஜெனின் ஆகியோர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செங்கடலின் டென்ட்ரோநெப்தியா ஹெம்பிரிச்சி முதன்மையாகத் தாவர மிதவை உயிரிகளையே உண்கிறது என்று அது காட்டியது. பவளம் ஒரு விலங்கு, மேய்வதோ பாசியை!

அதன்பின் தொட்டி வளர்ப்போரின் கவனம் நுண்பாசி வளர்ப்பின் பக்கம் திரும்பியது. தமிழகத்துக்கு இக்கலை புதிதல்ல. 1981இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியபோது, அவற்றுக்கு ஊட்டியது ஐசோகிரைசிஸ் கல்பானா என்னும் நுண்பாசியை.

எனினும் உணவு தெரிந்ததால் மட்டும் சிக்கல் தீரவில்லை. கடலில் நீரோட்டம் இரவும் பகலும் உணவைக் கொண்டுவருகிறது. தொட்டியில் ஒரே வேளையில் ஊற்றினால் எஞ்சிய பாசி அழுகி நைட்ரேட்டை உயர்த்தும். வடிகட்டியைக் கூட்டினால் அது உணவையும் சேர்த்து அகற்றிவிடும். இதனால் சிலர் சிறு பம்பு வைத்து நாள் முழுதும் சொட்டுச் சொட்டாக ஊட்டுகின்றனர்.