அகதி

'கதி' என்ற வடசொல்லுக்குச் செலவு, வழி, நிலை, புகலிடம் எனப் பல பொருள்கள் உண்டு. 'நீயே கதி' என்று இறைவனிடம் முறையிடுகையில் அது புகலிடம். எதிர்மறை 'அ' முன்னால் சேர, புகலற்றவர் அகதி ஆனார். பழைய வழக்கில் இச்சொல் ஆதரவற்ற ஏழையையே குறித்தது. நாட்டை விட்டு ஓடிவந்தவர் என்ற பொருள் பின்னால் அழுத்தம் பெற்றது. 1983-க்குப் பின் ராமேசுவரம் கரையில் இலங்கைத் தமிழர் படகுகளில் வந்திறங்கியபோது தமிழ்நாட்டில் அதுவே முதற்பொருளாயிற்று. ஈழத்தவர் எழுத்தில் 'ஏதிலி' என்ற சொல்லும் உண்டு. அயலாரைக் குறிக்கும் பழைய 'ஏதிலார்' இதற்கு உறவு.

2021-இல் தமிழக அரசு, அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல செயல். ஆனால் குடியுரிமைச் சட்டம் அதே வேகத்தில் மாறவில்லை. 1987 ஜூலை 1 முதல், இந்திய மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவர் பதிவு வழியாகக் குடியுரிமை கேட்பதையும் அடைத்தது. உயிருக்குப் பயந்து இரவில் படகேறியவர் விசாவுக்கு எங்கே போவார்? சில நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த முகாம் பிள்ளைகள் பலருக்கு இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. பெற்றோரின் நாட்டை அவர்கள் பார்த்ததும் இல்லை. அவர்களுக்குக் குடியுரிமை வழங்குவதே நியாயம்.