கரிசல் வீட்டுப் பழுதுபார்ப்பில் எழும் தூசும் நஞ்சும்: கயத்தாறு வட்டாரத்தை முன்வைத்து

கரிசல் மண்ணில் நிற்கும் வீடு ஓயாமல் பழுதுபார்க்கப்படும் வீடு. கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண், ஐப்பசி கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணோடு சேர்ந்து அடித்தளமும் ஏறி இறங்குவதால் சுவரில் கீறல் விழுகிறது, தளம் தூக்குகிறது, நிலை சாய்ந்து கதவு இறுகிக்கொள்கிறது. பூச்சைக் கொத்திவிட்டு மறுபூச்சுப் பூசுவதும், கூரை மாற்றுவதும், தரையைப் பெயர்ப்பதும் இங்கே தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் வேலைகள் அல்ல. வீட்டில் ஒரு கல்யாணம் கூடினால், நாலு காசு மிஞ்சினால், பொங்கல் நெருங்கினால் கொத்தனாரும் பெயிண்டரும் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்கும்போதே வேலை நடக்கும். அந்த வேலையில் வெளிப்படும் நச்சுப் பொருள்கள் எவை, வீட்டின் எந்தப் பகுதியில் அவை தங்கியிருக்கின்றன, சட்டங்கள் ஏன் அவற்றை எட்டவில்லை என்பன இங்கு ஆராயப்படுகின்றன. ஆபத்தைத் தீர்மானிப்பது வீட்டின் வயது அல்ல. எந்தக் காலத்துப் பொருள் எங்கே சேர்ந்தது என்பதும், அதை எந்த முறையில் உடைக்கிறார்கள் என்பதும்தான்.

மேலைநாட்டுக் கையேடுகள் பழைய வீடு என்றாலே சுவர் வண்ணத்தில் ஈயத்தையும், குழாய்களைச் சுற்றிய வெப்பக்காப்பில் கல்நாரையும் தேடச் சொல்கின்றன. அந்த வரைபடம் கரிசல் வீட்டுக்குப் பொருந்தாது. இங்கு முன்கட்டு என்பது மண்சுவர் அல்லது சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கற்சுவர். மேலே பனங்கட்டையின்மீது நாட்டு ஓடு, வசதியுள்ள வீட்டில் மட்டப்பா. ஆண்டுதோறும் அடித்த வெள்ளை சுண்ணாம்பே. அதில் ஈயமும் இல்லை, கல்நாரும் இல்லை. கயத்தாற்றுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை தொடங்கிய பிறகு வந்த பல பத்தாண்டுகளில்தான் சிமெண்ட் பூச்சும், சிமெண்ட் கூரை ஓடும், எனாமல் பெயிண்டும் ஊர்களுக்குள் பரவின. சமையற்கட்டுச் சாய்ப்பு, மாட்டுத்தொழுவம், மாடியில் எழுப்பிய ஒற்றை அறை, குளியலறை என்று வீடு வளர்ந்த பகுதிகளில்தான் அவை சேர்ந்தன. ஆகவே தாத்தா காலத்து முன்கட்டைவிட, அப்பா காலத்துப் பின்கட்டில் கைவைக்கும்போதுதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். விறகடுப்புக் கரி படிந்த பழைய சமையலறைச் சுவர் மட்டும் இதற்கு ஒரு விலக்கு. அந்தக் கரியை உலரச் சுரண்டினால் புற்றுநோய்க் காரணிகள் சில தூசோடு எழும்.

ஊர் வழக்கில் ஆஸ்பெட்டாஸ் எனப்படும் கூரை ஓட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கிரைசோடைல் எனும் வெண்கல்நார், மற்றது சிமெண்ட். ஓடு முழுதாக இருக்கும்வரை சிமெண்ட் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும். பல ஆண்டு வெயிலும் மழையும் மேற்பரப்பை அரித்தபின் இழைகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. அந்த நிலையிலுள்ள ஓட்டை இறக்கும் வழக்கமான முறை கவலைக்குரியது. துருவேறிய ஜே ஆணி கழலாது. எனவே ஆணியைச் சுற்றிச் சுத்தியலால் ஓட்டை உடைத்து, துண்டுகளை மேலிருந்து கீழே போடுகிறார்கள். குழாய்க்கு வழிவிடக் கட்டிங் மெஷினால் உலர அறுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலப்பது இத்தகைய செயல்களால்தான். வெறுமனே ஓட்டின் கீழ் குடியிருப்பதால் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிரைசோடைல் உட்பட எல்லாக் கல்நார் வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். கூரை இறக்கிய நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே இத்தனை காலம் ஓடிவிடுவதால், காரணத்தை அங்கே தேட எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்தியா 1986இல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளை நிறுத்தியது. ஆனால் இறக்குமதியும் ஓடு உற்பத்தியும் தொடர்கின்றன. அமெரிக்கா 2024இல் கிரைசோடைலுக்குத் தடை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலிருந்தே தடை உள்ளது. இலங்கையின் அனுபவம் இந்தப் பொருளின் பின்னுள்ள வணிகப் பலத்தைக் காட்டுகிறது. அங்கு 2018 முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. சில நாட்களில் கல்நார்த் தடை தளர்த்தப்பட்டது. தமிழகத்தின் சிற்றூரில் ஓடு மாற்றும் குடும்பத்தின் கணக்கு இன்னும் எளியது. கல்நார் ஓடு துருப்பிடிக்காது, விலை குறைவு, தகரத்தைப்போல உச்சி வெயிலில் கொதிக்காது. இந்த மூன்றுக்கும் ஈடான மாற்றுக் கூரை கிடைக்காதவரை, இறக்கிய ஓடு குப்பைக்குப் போகாது. பக்கத்து வீட்டுத் தொழுவத்தின்மேல் ஏறிவிடும். எனவே உடையாமல், விரிசல் விடாமல் இருக்கும் ஓட்டை எடுக்காமலே விட்டுவிட்டு, நனைத்த பரப்பின்மேல் பெயிண்ட் அடித்து, கீழே தட்டுப்பந்தல் கட்டிக்கொள்வது பல வீடுகளில் ஏற்கத்தக்க வழி. பாசியைச் சுரண்டாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

ஈயம் இருக்கும் இடம் வேறு. சுண்ணாம்புச் சுவரில் அது இல்லை. கதவு, நிலை, ஜன்னல் கம்பி, இரும்புத் தூண், மரக்கட்டில் ஆகியவற்றின் எனாமல் படலங்களில் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நெடுங்காலம் பயன்பட்டது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எந்த எனாமலையும் ஈயமுள்ளதாகக் கொள்வதே பாதுகாப்பு. உப்புத்தாளால் உலரத் தேய்ப்பதும், தீ நாக்கால் பொசுக்கி உரிப்பதும் படலத்தை முறையே தூசாகவும் புகையாகவும் ஆக்குகின்றன. ஈயம் பரவ இன்னொரு வழியும் உண்டு. கழற்றிய பழைய ஜன்னல் சட்டங்கள் வெந்நீர் அடுப்புக்கு விறகாகின்றன. அந்தச் சாம்பலில் பாத்திரம் விளக்குவதும் உண்டு. பெயிண்ட் பூசிய மரத்தை எரிக்கக்கூடாது என்ற ஒரு செய்தி வீடுகளைச் சென்றடைந்தாலே குழந்தைகளுக்குப் போகும் ஈயத்தில் ஒரு பகுதி குறையும். இந்தியாவில் ஏறத்தாழ 27.5 கோடி குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த்தும் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அதில் பெயிண்டின் பங்கு ஒன்று மட்டுமே. ஆனால் வீட்டுக்காரர் கையிலேயே தடுக்கும் வழியுள்ள பங்கு அது.

அளவில் பெரியது சிலிக்கா. கல்நாருக்கும் ஈயத்துக்கும் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆற்றுமணல், எம்-சாண்ட், கருங்கல், செங்கல், ஓடு, டைல்ஸ் எல்லாவற்றிலும் படிகச் சிலிக்கா உண்டு. மின்கம்பி பதிக்கச் சுவரில் காடி எடுக்கும்போதும், டைல்ஸ் அறுக்கும்போதும் நுரையீரலின் அடியாழம்வரை செல்லும் துகள்கள் எழுகின்றன. உளியும் சுத்தியலும் எழுப்பும் தூசு கரடுமுரடானது. அதில் பெரும்பகுதி விரைவில் தரையிறங்கும். வேகமாகச் சுழலும் வைரத்தட்டு எழுப்புவது மிக நுண்ணியது. வேலையை எளிதாக்கிய கருவிதான் தூசை ஆபத்தானதாகவும் ஆக்கியது. இந்தத் தூசை அதிகம் சுவாசிப்பவர் கருவி பிடித்தவர் மட்டுமல்ல. இடிபாட்டை அள்ளி, உலர்ந்த தரையைப் பெருக்கும் சித்தாளும்தான். முந்தானையும் தோளில் கிடக்கும் துண்டும் அந்த நுண்துகளைத் தடுக்காது. இந்தத் தூசு தரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றும் குணமாக்கும் மருந்து இல்லை.

கோவில்பட்டி வட்டாரத்துக்கே உரிய எச்சங்களும் உண்டு. தீப்பெட்டிப் பட்டறையாக இருந்து பிறகு குடியிருப்பாக மாறிய கட்டடத்தில், மருந்து கலந்த இடத்தின் தரையிலும் மரப்பலகைகளிலும் பொட்டாசியம் குளோரேட் ஊறியிருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த மரத்தில் அது இருந்தால் உரசலில் தீப்பற்றும். குளோரேட் நீரில் கரையும் என்பதால், அத்தகைய இடத்தை உடைக்கும் முன் பலமுறை தண்ணீர்விட்டுக் கழுவுவது கட்டாயம். பருத்தி விளைந்த ஊர்களின் வீட்டுப் பரண்களில், எப்போதோ தடைசெய்யப்பட்ட பூச்சிமருந்து டப்பாக்கள் கிடப்பது புதிதல்ல. பழைய குலுக்கையை அகற்றும்போது தானியத்துக்கு வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் கண்ணில் பட்டால் அவற்றின்மீது தண்ணீர் படக்கூடாது; ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வெளிப்பட்டு உயிரைப் பறிக்கும். தூசுக்கு மருந்தாகும் தண்ணீர் இங்கே நஞ்சை எழுப்பும் என்பதால், பரணையும் குலுக்கையையும் முதலில் காலிசெய்துவிட்டே வேலை தொடங்க வேண்டும்.

கயத்தாற்றில் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றின் வலிமையை நம்பித்தான் டென்மார்க் உதவியோடு காற்றாலைச் சோதனை நிலையம் இங்கே அமைந்தது. இவ்வளவு காற்று இருக்கும்போது தூசு என்ன செய்யும் என்ற எண்ணம் எளிதில் வரும். வெளிமுற்றத்தில் அது ஓரளவு உண்மை. வீட்டுக்குள் நிலைமை வேறு. பத்து மைக்ரான் துகள் அசையாத காற்றில் சில நிமிடங்களில் தரை சேரும்; ஒரு மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம் ஆகும்; மெல்லிய கல்நார் இழை அதைவிட மெதுவாக இறங்கும். மேற்கு ஜன்னல் திறந்திருந்தால், இடிக்கும் அறையின் தூசு கிழக்கே குழந்தை தூங்கும் அறைக்குச் சென்று படியும். மறுநாள் துடைப்பம் பட்டதும் மறுபடி எழும். ஆகவே காற்றைத் தடுக்காமல் அதன் போக்கறிந்து வேலை செய்ய வேண்டும். மேல்காற்று வீசும் மாதங்களில் வேலை நடக்கும் அறையின் மேற்குத் திறப்புகளை மூடி, கிழக்கே வெளிப்புறம் மட்டும் திறந்து, வீட்டின் பிற அறைகளுக்குச் செல்லும் வாசலைத் தார்ப்பாயால் அடைக்கலாம். கொண்டல் வீசும் பருவத்தில் திசை மாறும். ஓடு இறக்கும் வேலையை மட்டும் ஆனி, ஆடிக் காற்றில் செய்யவே கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், எல்லா வரம்புகளுக்கும் கீழே இந்த வீடு நழுவிவிடுவது தெரியும். 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிற்சாலை ஊழியரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு காக்க வேண்டும் என்றது. அதே ஓட்டைக் கயத்தாற்றில் உடைப்பவருக்கு வருகைப் பதிவேடுகூட இல்லை. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்தக் குடியிருப்பு வேலையை வரம்புக்கு வெளியே வைத்தது. 2016இன் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் நாளுக்கு 20 டன், அல்லது மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன் கழிவு தருவோருக்கே கூடுதல் கடமைகளை விதித்தன. கட்டுமான வேலைகளுக்கென 2018இல் வந்த தூசுக் கட்டுப்பாட்டு விதி, வெளிக்காற்றின் துகள் அளவு வரம்பை மீறிய நகரங்களை நோக்கியது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடி நகரம் இடம்பெற்றது. அதே மாவட்டத்துக் கயத்தாறு பேரூராட்சியின் ஓர் அறைக்குள் எழும் தூசை அந்தத் திட்டம் அளப்பதில்லை. ரூபாயையும் டன்னையும் வெளிக்காற்றையும் அளவுகோலாகக் கொண்ட வரை இந்த இடைவெளி நீடிக்கும். ஒருவர் சுவாசிக்கும் தூசின் அடர்த்தி இடிபாட்டின் எடையைப் பொறுத்ததல்ல. ஒற்றை ஓட்டை மூடிய அறையில் அறுப்பது, ஒரு கட்டடத்தையே நனைத்து இடிப்பதைவிடத் தீமையாகலாம். எனவே விதி வேலையின் அளவைப் பாராமல் செயலைப் பார்க்க வேண்டும். உலர அறுத்தல், கல்நார் உடைத்தல், பெயிண்ட் பொசுக்குதல் ஆகிய மூன்றையும் எந்தச் சிறு வேலையிலும் தடைசெய்வதும், கருவி வாடகைக் கடையில் நீர்க்குழாய் இணைப்பில்லாத அறுப்பானைக் கொடுக்கக்கூடாது என்பதும் வீடு வீடாக ஆய்வாளரை அனுப்புவதைவிட நடைமுறைக்கு உகந்தவை.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள பூமியில் நனைத்து வேலை செய்யச் சொல்வது எளிதா என்ற கேள்வி நியாயமானது. தேவைப்படுவது குடம் குடமாக ஊற்றுவது அல்ல, தெளிப்பு. முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் இந்த ஊர்களில் அறியாத கருவி அல்ல. பூச்சிமருந்து அடித்ததைத் தவிர்த்துப் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டால், சில துளிச் சோப்பு கலந்த சில குடம் தண்ணீர் ஒரு சாய்ப்பின் ஓடுகளை நனைக்கப் போதும். ஜே ஆணியை எண்ணெய்விட்டு முந்தின நாளே ஊறவைத்து, கழலாதவற்றைக் கம்பி வெட்டியால் வெட்டி, ஓட்டை முழுதாகக் கயிற்றில் இறக்கலாம். சிலிக்காத் தூசுக்கு என்95 முகக்கவசம் குறைந்தபட்சம். கல்நாருக்கு அதைவிட உயர்தரமான வடிகட்டி வேண்டும். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரில் ஹெப்பா வடிகட்டி இல்லையென்றால் அது நுண்தூசை மறுபடி அறைக்குள்ளேயே ஊதும். சித்தாளின் சேலையும் கொத்தனாரின் கைலியும் வீட்டுக்குப் போகும் முன் வேலையிடத்திலேயே மாற்றப்பட வேண்டும். அந்தத் தூசு இரண்டாவதாகச் சென்றடைவது அவர்கள் பிள்ளைகளை.

கடைசிச் சிக்கல் இறக்கிய பொருளின் இடம். இடிபாடு ஓடைக்கரையிலும் கண்மாய் உள்வாயிலும் கொட்டப்படுகிறது. கல்நார் ஓட்டுத் துண்டுகள் அதோடு கலந்து வண்டித்தடத்துப் பள்ளங்களை நிரப்புகின்றன, சக்கரங்களுக்கடியில் பொடியாகின்றன. ஓட்டைத் தனியே பிரித்து, நனைத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒப்படைக்க வட்டத்துக்கு ஒரு குழியாவது பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து ஏற்படுத்தலாம். கல்நார் இழை நீரில் கரைந்து நிலத்தடிக்குச் செல்வதில்லை. மூடிய நிலையில் கிடந்தால் போதும். ஆனால் குழியைக் கரிசலால் மட்டும் மூடினால் கோடையில் அது வெடித்துப் பொட்டலங்களைத் திறந்து காட்டும். மேலே சரள்மண்ணை ஆழமாகப் போட்டு, இடத்தை வருவாய்த்துறைப் பதிவேட்டில் குறித்து, பின்னாளில் அங்கே எவரும் அடித்தளம் தோண்டாதபடி எல்லைக்கல் நட வேண்டும்.